நழுவாத கட்டை

காருக்கு அடியிலிருந்து சௌக்கத் அலியின் இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீண்டிருந்தன. ஷெட் வாசலில் நின்ற மருமகள் ஷாஸியா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னும் வேகமா ஆட்டுங்கடா!" அடியிலிருந்து குரல் வந்தது. "காலையில நாஷ்டா துன்னீங்களா இல்லியா?"

நான்கு மெக்கானிக்குகள் மூச்சைப் பிடித்துத் தள்ளினார்கள். கார் குலுங்கியது, இடம் பெயரவில்லை.

ஆறு மாதத்துக்கு முன் இதே தண்டையார்பேட்டை ஷெட்டில்தான் கார் இறங்கி, இளைய மகன் மொஹ்சின் அடியிலேயே மௌத்தானான். அப்போது கூட இருந்தது அவனுடைய அண்ணன் தௌசீஃப் ஒருவன்தான். கட்டை நழுவி ஸ்டாண்டு சாய்ந்துவிட்டது என்றான். போலீசும் விபத்து என்று முடித்துவிட்டது.

அந்தக் கட்டைதான் சௌக்கத் அலிக்குப் பெயர் வாங்கித் தந்தது. துறைமுகத்தில் கப்பல் உரசாமலிருக்கத் தொங்கவிடும் ரப்பரை ஏலத்தில் எடுத்து, நடுவே பள்ளம் வெட்டி, இரும்புக் கிண்ணத்தில் இறுக்கிச் செய்வார். ஜாக்கின் தலையிலும், தூக்கிய காரைத் தாங்கி நிற்கும் ஸ்டாண்டின் தலையிலும் அதைப் பொருத்தினால், காரின் அடிவிளிம்பு பள்ளத்தில் கச்சிதமாக உட்கார்ந்துகொள்ளும். ராயபுரம் முதல் எண்ணூர் வரை அது இல்லாத ஷெட் கிடையாது. இப்போது ஒவ்வொருவராகக் காயலான் கடையில் வீசிக்கொண்டிருந்தார்கள். 'புள்ளையைத் துன்ன கட்டை' என்று டீக்கடையில் பேச்சு.

மகனுக்கு அழுதாயிற்று. மானத்தையும் சேர்த்துப் புதைக்க அவருக்கு மனம் வரவில்லை. அதனால்தான் மெக்கானிக் சங்கத் தலைவர் அம்புரோஸையும் ஆட்களையும் இன்று வரவழைத்திருந்தார். புருஷன் இறந்தபின் வீட்டோடு இருக்கும் இத்தா முடிந்த ஷாஸியாவையும், "உன் புருஷன் சாவுக்கு நம்ம வூட்டுச் சாமான் காரணமில்லன்னு நீயே வந்து பாரும்மா" என்று கூட்டி வந்திருந்தார்.

தௌசீஃப்தான் விடிந்ததிலிருந்து தகப்பனின் காலைப் பிடிக்காத குறையாகத் தடுத்துப் பார்த்தான். "வாணாம் அத்தா. நழுவிச்சுன்னே இருந்துட்டுப் போவட்டும். வுட்ருங்க."

"உனக்கு ரோஷமில்லன்னா ஓரமா நில்லுடா" என்று முடித்துவிட்டார்.

சௌக்கத் அலி ஒருவழியாக உருண்டு வெளியே வந்தார். அம்புரோஸ் டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தார். விளிம்பு, பள்ளத்துக்குள் வைத்தது வைத்தபடி இருந்தது.

"ஒரு நூல்கூட நகரல பாய்! இன்னாமா நிக்கிது! நாங்கதான் கலீஜா பேசிட்டோம், மன்ச்சுக்கோ."

சௌக்கத் அலி சட்டை மண்ணைக்கூடத் தட்டவில்லை. முதுகை நிமிர்த்தி, தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

"எல்லாரும் நல்லா கேட்டுக்குங்க. கட்டை தானா நழுவாது, ஸ்டாண்டும் தானா சாயாது. எவனாச்சும் ஜாக்கைப் போட்டுத் தூக்கி, ஸ்டாண்டை உருவிட்டு, ஜாக்கை இறக்கினாத்தான் கார் கீழ வரும்!"

யாரும் கைதட்டவில்லை. அம்புரோஸ் டார்ச்சை அணைத்துவிட்டுத் தரையைப் பார்த்தார். சொன்னது என்னவென்று சௌக்கத் அலிக்கே உறைத்தபோது, ஷாஸியா தௌசீஃபின் எதிரே போய் நின்றிருந்தாள்.

"அப்ப ஸ்டாண்டை உருவுனது யாரு, பெரிய மச்சான்?"