ஆயிரமாவது பெயர்

2061 மார்ச் 9 அன்று, நெய்தல்தீவில் அரசு கொன்ற குடிமக்களின் எண்ணிக்கை 999 ஆனது. ஆயிரமானால்தான் வெளிநாட்டுப் படை கரையேறலாம் என்பது உலக நாடுகளின் விதி. ஒவ்வொரு சாவையும் உறவினரே கையெழுத்திட்டு உறுதிசெய்ய வேண்டும்.

சுகிர்தாவின் கணவன் அருளானந்தத்தை ராணுவம் பிடித்துப்போய் எட்டு மாதமாகியிருந்தது.

"உடலைக் காணாமல் அவர் செத்திட்டார் எண்டு எப்படியக்கா சொல்லுறது?" என்றாள் சுகிர்தா.

"கப்பல் கண்ணுக்கு முன்னால நிக்குது, தங்கச்சி," என்றாள் பக்கத்து வீட்டு ரெஜினா. "அவர் உயிரோட வந்தால் என்னை ஏசட்டும். என்ர பிள்ளையளும் பட்டியலுக்குப் போகமுன்னம் கையெழுத்தைப் போடு."

சுகிர்தா தாலியைக் கழற்றி வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் காலை படை இறங்கி, முதல் வேலையாகச் சிறையைத் திறந்தது. அருளானந்தம் நடந்து வெளியே வந்தான். அவனிடம் பெயரைக் கேட்ட அதிகாரி பட்டியலைத் திருத்தினார். எண்ணிக்கை மறுபடி 999 ஆனது. மாலைக்குள் படை கப்பலேறிப் போய்விட்டது.