பதினாலாம் நம்பர்

“மச்சாள், உங்களுக்கென்ன விசரா? சினைப்பசுவ என்னட்டத் தந்துபோட்டு இந்தக் கிழட்டையா கேக்கிறீங்க?”

வினாயகமூர்த்தி கேட்டதில் நியாயம் இருந்தது. அகதி முகாமிலிருந்து படுவான்கரைக்குத் திரும்பிய இருபது குடும்பங்களுக்கு வாழ்வாதார உதவியாக ஆளுக்கொரு மாடு. கொண்டுவந்து இறக்கிய வியாபாரி லொறியிலேறிப் போய்விட்டான். பின்னந்தொடைகளில் சுண்ணாம்பால் பட்டை பட்டையாக நம்பர் எழுதி, சீட்டுக் குலுக்கினார்கள். வினாயகமூர்த்திக்குப் பதினாலாம் நம்பர் கிழட்டு மாடு; சீதேவிப்பிள்ளைக்கு விழுந்தது மூன்றாம் நம்பர். சினைப்பட்ட சிவலைப் பசு. அதைப் போய் யாராவது விடுவார்களா?

“எனக்குப் பதினாலுதான் வேணும் மச்சான். கும்பிட்டுக் கேக்கிறன்.”

வினாயகமூர்த்திக்குக் கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரிதான். ஆனாலும் சந்தேகம்.

“பிறகு பால் காணாதெண்டு வந்து அழக்கூடா.”

“கண்ணகை அம்மனாண அழமாட்டன்.”

உத்தியோகத்தர் உதயரூபன் சின்ன வயசு. பேனாவைத் திறந்தபடி கேட்டான். “ஏனம்மா இதுதான் வேணும்?”

“சும்மா, மனசுக்குப் பிடிச்சிட்டு மகன்.”

“சரி, நம்பரை மாத்துறன். இடம்பெயர முதல் உங்களுக்கு என்ன இருந்தது?”

“பதினேழு மாடு. அப்பா தந்த சீதனம். ஷெல் விழக்குள்ள கயித்த அறுத்துவிட்டுப்போட்டு வாவியத் தாண்டி ஓடினம்.”

“ஆதாரம் ஏதும் இரிக்கா?”

“மாட்டுப் பதிவு அட்டையெல்லாம் வீட்டோட எரிஞ்சிட்டு.”

“அப்ப ஒண்டுமில்லையெண்டுதான் எழுத வேணும்.”

எழுதினான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, படிவம் அப்படி. அவளும் கையெழுத்து வைத்தாள்.

“மாட்டுக்குப் பக்கத்தில நில்லுங்க, போட்டோ எடுக்கணும். கொஞ்சம் சிரிங்கம்மா.”

சிரித்தாள். ரெண்டு வருசத்துக்குப் பிறகு முதல்தடவையாக வாய்கொள்ளாத சிரிப்பு.

பிறகு கயிற்றை மாட்டின் கழுத்திலேயே சுற்றிவிட்டு நடந்தாள். பதினாலு, யாரும் இழுக்காமலே அவள் பின்னால் போனது.

“பார்ரா, இலவச மாட்டுக்கு நல்ல பழக்கம்!” என்று வினாயகமூர்த்தி சிரித்தான்.

வாவிக்கரையில் மாட்டை முழங்கால் தண்ணீரில் இறக்கி, தேங்காய்த் தும்பால் தொடையைத் தேய்த்தாள். கண்ணீர் தன்பாட்டுக்கு வழிந்தது.

“நான் வாய் திறந்திருந்தா வழக்கு எண்டு சொல்லி உன்னப் பொலிசில கட்டிப்போட்டிருப்பாங்கள், கிளி.”

சுண்ணாம்பு கரைந்த இடத்தில், சீதேவிப்பிள்ளையின் சீதன மாடுகளுக்கு அவள் அப்பா சுட்ட ‘சீ’ என்ற குறி அப்படியே இருந்தது.