பையோடு நிற்கும் கொய்யா

சுடுகிற கார் பானட்டின் மேல் ஒப்பந்தத் தாளை விரித்து, பறக்காமலிருக்கத் தண்ணீர் பாட்டிலை வைக்கிறார் நிலத் தரகர். ஓய்வுபெற்றபோது என் கைக்கு வந்த பணமெல்லாம் இந்தச் சரிவு நிலத்தில் இறங்கப்போகிறது. நான் பேனாவைத் திறந்துகொண்டு நிற்கிறேன். வரிசை பிசகாத கொய்யாக் கன்றுகள். ஒவ்வொன்றிலும் தொங்கும் எண் அட்டை காற்றில் டக்டக்கென்று தண்டில் அடிக்கிறது. “மூணாம் வருஷம் காய்ப்புக்கு வந்துடும் சார். எல்லாம் நாங்களே பார்த்துக்குவோம், நீங்க எட்டிப் பார்க்கக்கூட வேணாம்” என்கிறார். எங்களுக்கென்று காட்டிய வரிசையில், சாய்ந்திருக்கும் ஒரு கன்றை நிமிர்த்துகிறாள் என் மனைவி. அது நாற்றுப் பண்ணையின் கறுப்புப் பையோடு அப்படியே கையில் வந்துவிடுகிறது. “என்னங்க இது, பையைக்கூடப் பிரிக்கல?” தரகர் அசரவில்லை. “இப்பப் பிரிச்சா வேர் ஆடிப்போயிடும்மா. பதிவு முடியட்டும்.” அப்படியும் இருக்குமோ? செடியைப் பற்றி எங்களுக்கு என்ன தெரியும்? அவள் கன்றைக் குழியில் திரும்ப வைத்து, காலால் மண்ணைத் தள்ளிவிட்டு, என்னிடம் வந்து இரண்டு உள்ளங்கைகளையும் விரிக்கிறாள். ஒன்றில் பையிலிருந்து உதிர்ந்த ஈரமான கறுப்பு மண். மற்றதில் குழியில் அள்ளிய வெறும் சரளை. “இதுல நாம எதைங்க வாங்குறோம்?” பேனா மூடியை எங்கே வைத்தேன் என்று தேடுகிறேன்.