நண்டு ஆகாது

குடிசை முழுக்க நண்டுக் குழம்பின் மணம். தட்டில் மட்டும் நண்டு இல்லை.

“புள்ளத்தாச்சிக்கு நண்டு ஆவாது, சூடு. இதுகூடத் தெரியாம நீ இன்னா ஆம்பள?” என்று வேலம்மா தருமலிங்கத்தைப் பார்த்துச் சிரித்தாள். முன்கூட்டியே சொல்லிவைத்தால், வெளியூரிலிருந்து ஏரி பார்க்க வருகிறவர்களுக்குத் தன் குடிசையிலேயே சமைத்துப் போடுகிறவள் அவள்.

தருமலிங்கத்துக்கா தெரியாது?

எட்டு மாதமாக மனைவி கோமளாவை நண்டு தின்ன விடாதவனே அவன்தான். பப்பாளி, அன்னாசி, எள்ளுருண்டை எதையும் வீட்டுக்குள் விட்டதில்லை. ரிக்‌ஷா குலுக்கும் என்று அவளைக் கடைத்தெருவரை நடத்தியே கூட்டிப்போவான்.

முந்தாநாள் பொன்னேரியில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அவனே ஒரு பப்பாளிக் கீற்று வாங்கி அவள் கையில் கொடுத்தான். அவளும் ஒன்றும் கேட்காமல் தின்றாள்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். அதற்கு முன் அவள் கேட்டது ஒன்றுதான். பழவேற்காட்டுக்குப் போய், அவசரமே இல்லாமல் சுற்றி, வயிறு நிறைய நண்டு சாப்பிட வேண்டும்.

காட்டூரில் நண்பர் வீட்டில் தங்கிக்கொண்டு இரண்டு நாளாக மெதுவாகச் சுற்றினார்கள். படகில் ஏரியின் நடுவரை போனார்கள். தண்ணீர் கணுக்காலளவே இருந்த இடத்தில் பூநாரைகள் வெளுத்த சிவப்பாக நின்றன.

டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்தில் கோமளா சின்னக் கற்களாகப் பார்த்துப் பார்த்து நின்றாள். எழுத்து அவளுக்குப் புரியவில்லை. ஆண்டுகளை மட்டும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்துக்கொண்டிருந்தாள்.

“ஒரே ஒரு நண்டுக் காலாவது வையுங்கக்கா. அவ இதுக்காகத்தான் வந்திருக்கா,” என்றான் தருமலிங்கம்.

“வெக்க மாட்டேன், போ சார். எங்க ஊட்ல துன்னுட்டு அதுக்கு ஒண்ணு ஆச்சின்னா, அந்தப் பழிய யாரு சொமக்கறது?”

கோமளா சுறாப்புட்டைச் சோற்றில் பிசைந்துகொண்டிருந்தாள். வேலம்மா இன்னொரு கரண்டி வைத்தாள்.

“இத்தத் துன்னு கண்ணு. பால்சுறா. நாளைக்குப் பெத்தப்புறம் பாலு கொடங்கொடமா ஊறும், பாரு.”

கோமளாவின் விரல்கள் நின்றன.

“பால் ஊறாம இருக்க என்ன சாப்பிடணும்க்கா?”

வேலம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. யாராவது இப்படிக் கேட்பார்களா? சிரித்துக்கொண்டே கோமளாவின் வயிற்றில் உள்ளங்கையை வைத்தாள்.

வைத்த கையை எடுக்கவில்லை. கொஞ்சம் நகர்த்தி வைத்தாள். மறுபடி நகர்த்தினாள். அவள் நான்கு பெற்றவள்.

“செவ்வாய்க்கிழமையிலேர்ந்து அசைவு இல்லக்கா,” என்றாள் கோமளா. “டாக்டரம்மாவும் பாத்துட்டாங்க.”

வெளியே யாரோ வலையைத் தண்ணீரில் அலசும் சத்தம் கேட்டது.

வேலம்மா எழுந்து அடுப்பங்கரைக்குப் போனாள். நண்டுச் சட்டியோடு திரும்பி வந்து உட்கார்ந்தாள். கால்களை ஒவ்வொன்றாக உடைத்து, ஓட்டை நீக்கி, சதையை மட்டும் எடுத்துக் கோமளாவின் தட்டில் வைக்கப் போனாள். யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

தருமலிங்கம் எட்டி, இரண்டு கைகளாலும் தட்டை மூடினான்.

“வேணாம்க்கா,” என்றான். “குழந்தைக்கு ஆகாது.”