ஏறிக்கொண்டே இருந்த எண்

சிகாமணியின் பழைய பங்குக் கணக்கு சாஃப்ட்வேரில் சென்செக்ஸ் தானாக வருவது நின்று மூன்று மாதமாகிறது. மாரடைப்பு வந்த மனுஷனுக்கு டிவி, பேப்பர் எதுவும் கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டதால், அவர் குளிக்கப் போகும் நேரம் பார்த்து மனைவி புனிதவதி ஒரு நாள் விடாமல் ஐம்பது புள்ளி ஏற்றித் தட்டிவைத்தாள். இன்று மாப்பிள்ளை வந்து, யாரும் கேட்காமலேயே அதைச் சரிசெய்துவிட்டுப் போய்விட்டார். திரையில் நிஜ சென்செக்ஸ். அவள் போட்டுவைத்ததைவிட ஏழாயிரம் புள்ளி கீழே. அவள் அதை மாற்றுவதற்குள் சிகாமணி தலை துவட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பார்த்தார். துவட்டிய கை அப்படியே நின்றது. பிறகு அந்த எண்ணை அழித்துவிட்டு, கீபோர்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

“நீயே போடு. சனி, ஞாயிறு மட்டும் வேண்டாம், அன்னைக்கு மார்க்கெட் லீவு.”