கீழ்ப்படிந்த ஊழியன்

"அந்தக் கடைசி வரிய இன்னொருக்கா வாசிங்க தம்பி."

நோபர்ட் கடிதத்தை மறுபடியும் விரித்து, ஆங்கிலத்தைத் தமிழாக்கிச் சொன்னான். "ஐயா, நான் தங்கள் கீழ்ப்படிந்த ஊழியன்."

"கேட்டியா புள்ள?" அழகமுத்து மனைவியின் பக்கம் திரும்பினார். "கொழும்பு ஆபீஸ் தொரை எனக்கு ஊழியனாம்!"

பெஞ்சில் சாய்ந்திருந்த புஷ்பவதி இருமலுக்கு நடுவே சிரித்தாள். "நம்ம லயத்து நாயே உங்க பேச்சக் கேக்காது. தொரை கேக்கப் போறாராக்கும்!"

மாத்தளையில் பதுர்தீன் முதலாளியின் இரும்புக் கடை அன்று அரைநாளோடு மூடியிருந்தது. கணக்கெழுதும் நோபர்ட் மட்டும் பின்னறையில் இருந்தான். மாலை வகுப்பில் ஆங்கிலம் படிப்பவன் என்று அறிந்து, எல்கடுவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயக் குடியிருப்பிலிருந்து இருவரும் அவனைத் தேடி வந்திருந்தார்கள்.

கல்யாணமாகித் திருச்சிப் பக்கம் போய்விட்ட ஒரே மகள், நோயில் விழுந்த தாயை இலங்கைக்கு வந்து பார்த்துப் போகக் குடிவரவு அனுமதி வேண்டும். அந்த விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்தவனும் நோபர்ட்தான். இப்போது பதில் வந்திருந்தது. 'யோசித்துக்கொண்டிருக்கிறோம், சற்றுப் பொறுக்கவும்' என்று அவன் வாசித்துச் சொல்லியிருந்தான்.

"இவ்வளவு மரியாதையா எழுதின மனுசனுக்கு நாம பதில் போடாட்டி நல்லாவா இருக்கும்? அவரு ஊழியன்னா, நாம அடிமைன்னு போடுவோம்," என்றார் அழகமுத்து.

"ரொம்பப் பணிஞ்சாலும் கேலி பண்ற மாதிரி ஆயிரும் ஐயா."

"அப்ப நன்றின்னு போடுங்க. மனசு நோகாம எழுதுங்க."

நோபர்ட் ஒரு வரி எழுதினான். அடித்தான். இன்னொன்று எழுதினான். அதையும் அடித்தான். முதல் கடிதத்தில் 'கேட்டுக்கொள்கிறேன்' என்று எழுதியிருந்தான். 'மன்றாடுகிறேன்' என்றல்லவா எழுதியிருக்க வேண்டும்? தாய்க்குச் 'சுகமில்லை' என்றது போதாதோ? அடக்கமாக எழுதுவதுதான் அழகு என்று வகுப்பில் சொன்னதை நம்பினானே!

"என்ன தம்பி, எழுதி எழுதி அடிக்கிறீங்க?"

"சொல்லு சரியா வரணும்ல ஐயா."

"இவளுக்கு நோய் வருத்தம் கூடிப்போச்சுன்னும் ஒரு வரி போடுங்க." அழகமுத்து குரலைத் தாழ்த்தினார். "பயங்கரமா வேணாம். கேட்டுக்கிட்டு இருக்கா."

"காதுல நல்லாத்தான் விழுது," என்றாள் புஷ்பவதி. "சாகக் கெடக்கான்னே போடச் சொல்லுங்க. உங்க ஊழியன்தானே, தேயிலப் பொட்டி மாதிரி மகள ரயில்ல ஏத்தி அனுப்பிருவாரு."

"சும்மா இரு புள்ள. தலைமன்னார்ல கப்பல் வந்து நிக்கிறப்ப நீதான் மொதல்ல ஓடப் போற."

நோபர்ட் தலையை நிமிர்த்தாமல் ஒரு வாக்கியத்தை எழுதி முடித்தான். அவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் அதை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டான்.

"என்ன போட்டீங்க?"

"கொஞ்சம் கூடிப்போச்சுன்னு."

"அது போதும்."

"கடுதாசிக்கு முத்திரை ஒட்டணுமே," என்றாள் புஷ்பவதி. "சந்திக் கடையில நீங்களே போய் வாங்கிட்டு வாங்க. இன்னொருக்கா படி ஏறி இறங்க என்னால ஆகாது."

அழகமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உற்சாகமாகக் கிளம்பினார். வழியில் யாரிடமோ, "கொழும்புலருந்து பதில் வந்திருச்சுப்பா!" என்று சொல்வது கேட்டது.

அந்தக் குரல் தேய்ந்ததும் புஷ்பவதி மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அந்தக் கடுதாசி வியாழக்கிழமையே வந்திருச்சு தம்பி. இவரு வேலைக்குப் போயிருந்தாரு. தோட்டத்து ஆஸ்பத்திரி டிஸ்பென்சர் ஐயாகிட்ட குடுத்து வாசிக்கச் சொன்னேன். மகளுக்கு அனுமதி குடுக்க முடியாதுன்னு ஒரே வரிதானாம். உறையச் சோத்துப் பருக்கையால திரும்ப ஒட்டித்தான் இவருகிட்ட குடுத்தேன்."

நோபர்ட் பேனாவைக் கீழே வைத்தான்.

"நீங்க எப்படி வாசிப்பீங்களோன்னு உங்க வாயவே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். நல்லா வாசிச்சீங்க," என்றாள் அவள். "அடுத்த பதிலையும் இதே மாதிரி வாசிங்க தம்பி. அப்ப அவரு பக்கத்துல நான் இருக்க மாட்டேன்."