தொலைந்த கடைசிப் பக்கம்

மேடையில் ஆம்புலன்ஸ் டிரைவர் தன் கதையைப் படித்துக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தைப் புரட்டப் புரட்ட, கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அவள் மிச்சப் பக்கங்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

இன்னும் கொஞ்ச நேரம்தான். குட்டு உடைந்துவிடும்.

உள்ளூர் எழுத்தாளர்களுக்கு உதவுகிற அந்த மையத்தில் அவளுக்குக் கோடை விடுமுறை வேலை. கையெழுத்தில் வரும் கதைகளை டைப் பண்ண வேண்டும், அவ்வளவுதான். ஆனால் மையத்தின் செயலாளர் லேசுப்பட்டவர் இல்லை. எல்லாரும் அவருக்கு வைத்திருந்த பெயர் 'கமா மேடம்'.

"எழுதினவங்க போட்ட ஒரு கமாவைக்கூடத் தொடக்கூடாது. தப்பா இருந்தா தப்பாவே அடி. புரியுதா?"

முதல் நாளே சொல்லிவிட்டார். யாரோ ஒருவருடைய கதையில் ஆசைப்பட்டு இரண்டு வரியைத் திருத்திய பையன், மறுநாள் வேலையில் இல்லை.

இவளோ ஒரு பக்கத்தையே தொலைத்திருந்தாள்.

புழுக்கம் தாங்காமல் ஜன்னலைத் திறந்ததுதான் வினை. டிரைவரின் கதை அறை முழுக்கப் பறந்தது. பொறுக்கி அடுக்கி டைப் பண்ணினால், பக்கத்தின் கடைசி வரியில் கதை பாதி வாக்கியத்தோடு நின்றது. 'ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தினேன். இறங்கிப் பின்பக்கம் போய்க் கதவை...'

அடுத்த பக்கத்தைக் காணோம்.

அலமாரிக்கு அடியில், குப்பைக்கூடையில், கீழே தெருவில்கூடத் தேடினாள். போனது போனதுதான்.

அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் அப்பாவோடு மல்லுக்கட்டிச் சேர்ந்த வேலை ஆயிற்றே!

"எழுத்து கிழுத்துன்னு ஆடுற. சரி, போ. அங்க போய் கெட்ட பேர் வாங்கிட்டு வந்தே, அப்புறம் நான் சொல்ற படிப்புதான். மறுபேச்சு கிடையாது."

அந்த பயத்தில், கடைசிப் பக்கத்தை அவளே எழுதிச் சேர்த்துவிட்டாள்.

கதை இதுதான். பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன், தம்பி. விபத்தில் அடிபட்ட தம்பியை அண்ணன் ஓட்டுகிற ஆம்புலன்ஸிலேயே ஏற்றுகிறார்கள். அவள் எழுதிய முடிவில் அண்ணன் கதவைத் திறக்கிறான். தம்பி கண் விழித்து, "ஏண்ணா, ரோட்டுல குழி இருக்கிறதைப் பார்த்து ஓட்ட மாட்டியா?" என்று திட்டுகிறான்.

கமா மேடம் படித்துவிட்டு, "முடிவு பிரமாதம்" என்று மேடையில் படிக்கவே தேர்ந்தெடுத்துவிட்டார். எப்போதும் ஓட்டத்திலேயே இருக்கும் டிரைவர், டைப் பண்ணிய பக்கங்களை இன்றைக்கு மேடையேறும்போதுதான் முதன்முதலாகக் கையில் வாங்கினார்.

இதோ, கடைசிப் பக்கம்.

"...இறங்கிப் பின்பக்கம் போய்க் கதவை..."

நிறுத்திவிட்டார்.

அவள் வாசலைப் பார்த்தாள். எழுந்து ஓடிவிடலாமா?

முன்வரிசையில் கமா மேடம் பாதி எழுந்தார். "என்னங்க? ஏதாவது தப்பா இருக்கா?"

டிரைவர் அவரைப் பார்க்கவே இல்லை. அடுத்த வரியில் விரலை வைத்து, "...திறந்தேன்" என்றார்.

முழுசாகப் படித்தார். தம்பி திட்டுகிற இடத்தில் குரல் உடைந்தது. கூடம் கைதட்டி ஓயும் வரை தலை குனிந்து நின்றவர், மைக்கில் கேட்டார்.

"இதை டைப் பண்ணது யாருங்க?"

கமா மேடம் திரும்பி நேராக அவளைப் பார்த்தார்.

கூட்டம் கலைந்ததும் வராந்தாவில் டிரைவர், கமா மேடம் இருவர் முன்னாலும் போய் நின்றாள். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் இருக்கத்தானே செய்யும்? இனி சுமக்க முடியாது என்று போட்டு உடைத்துவிட்டாள்.

"சார்... ஜன்னலைத் திறந்தது நான்தான். உங்க கடைசிப் பக்கம் பறந்து போச்சு. பயத்துல நானே ஒண்ணு எழுதிச் சேர்த்துட்டேன். மன்னிச்சிடுங்க சார்."

"என்னது, நீ எழுதினியா?" கமா மேடத்தின் முகம் சிவந்தது. "அடுத்தவங்க எழுத்துல கை வைக்க உனக்கு எவ்வளவு தைரியம்? பையை எடு. கிளம்பு."

அப்பாவின் முகம் கண் முன்னால் வந்து நின்றது. அவள் அழுதுகொண்டே திரும்பினாள்.

"இரும்மா" என்றார் டிரைவர். "பக்கம் எதுவும் பறக்கல. நான் எழுதினதே அவ்வளவுதான்."

இருவரும் அவரைப் பார்த்தார்கள்.

"'கதவை'ன்னு எழுதினதும் பக்கம் முடிஞ்சுது. அடுத்த தாளை எடுக்கக் கை வரல. அப்படியே கொண்டாந்து கொடுத்துட்டேன். இன்னைக்கும் அது வரைக்கும் படிச்சிட்டு இறங்கிடலாம்னுதான் பயந்துக்கிட்டே மேல ஏறினேன்."

"ஏன் சார்?"

"அது கதை இல்லம்மா. என் தம்பி. அன்னைக்கு நான் கதவைத் திறந்தப்போ அவன் பேசல." தாளை மடிக்காமல் பத்திரமாகப் பிடித்துக்கொண்டார். "இத்தனை வருஷம் கழிச்சு, இன்னைக்குத்தான் திட்டினான்."

கமா மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு அவளிடம் வழக்கமான அதட்டலோடு சொன்னார்:

"நின்னுக்கிட்டே இருந்தா எப்படி? நாளைக்கு இதை அச்சுக்குக் கொடுக்கணும். அந்தக் கடைசிப் பக்கத்துல ஒரு கமாவைக்கூட யாரும் தொடாம பார்த்துக்கறது உன் பொறுப்பு."